பிரேக் மேல் கால் வைக்காதே

நம்பாதவர்களோடு நான் மல்லுக்கு நிற்கப் போவதில்லை. அன்று சாயங்காலம் அந்தத் தடத்தில் இருந்தவர்கள் மூன்றே பேர். ஒருவர் இப்போது உயிரோடு இல்லை. இன்னொருவர் என் போனை எடுப்பதில்லை. மிச்சம் இருப்பது நான்தான். கண்ணால் பார்த்ததை, காதால் கேட்டதை அப்படியே சொல்கிறேன்.

என் வேலை என்ன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். புதிய கார்களில் தானாகவே பிரேக் போடும் வசதி இருக்கிறதல்லவா? ஓட்டுபவர் அசந்து போனாலும், குறுக்கே ஆள் வந்தால் வண்டியே பார்த்து நின்றுவிடும் என்கிறார்கள். அது உண்மையிலேயே நிற்கிறதா என்று யாராவது ஓட்டிப் பார்க்க வேண்டுமே? அந்த யாராவது நான்தான்.

ஊருக்கு வெளியே, கம்பி வேலிக்குள், நேரான தார் ரோடு. அதுதான் சோதனைத் தடம். ஓரத்தில் இரண்டு பழைய கார்கள் நிற்கும். அவற்றின் மறைவிலிருந்து ஒரு பொம்மை குறுக்கே ஓடிவரும். பள்ளிக்கூடப் பிள்ளையின் உயரம். உள்ளே நுரைப்பஞ்சு. மேலே சட்டை, பேன்ட். காலில் நிஜ ஷூ. வண்டி நெருங்கியதும், தரையோடு தரையாக ஒரு தட்டைப் பலகை தானாகவே அதை இழுத்துக்கொண்டு வரும். நான் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் நேராக அதை நோக்கிப் போக வேண்டும். வேகத்தை வண்டியே பிடித்துக்கொள்ளும். எனக்கு ஸ்டியரிங் மட்டும்தான்.

விதி ஒன்றே ஒன்று. பிரேக் மேல் கால் வைக்கக் கூடாது.

முதல் நாள் எனக்குச் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. போகப் போகப் பழகிவிட்டது. வலது குதிகாலைத் தரையில் அழுத்தி வைத்துக்கொள்வேன். குறுக்கே எது பாய்ந்தாலும் அது அசையாது. "பொம்மை மேல ஏத்துறதுக்குச் சம்பளமா? நல்ல உத்தியோகம்!" என்று என் மனைவி கேலி செய்வாள்.

பொம்மையைக் கவனித்துக்கொள்ள ஒருவர் இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். எல்லோருக்கும் அவர் பொம்மைக்காரர். எனக்கு அண்ணன். அடிபட்டு விழும் பொம்மையைத் தூக்கி நிறுத்துவார், தூசி தட்டுவார், சட்டைக் காலரைச் சரிசெய்வார். "வலிச்சுதாடா?" என்று வேறு கேட்பார். கன்டெய்னர் அறையில், வண்டி பார்ப்பதையெல்லாம் காட்டும் திரை முன்னால் உட்கார்ந்திருப்பவர் பொறியாளர். நாங்கள் மேடம் என்போம். மூன்று பேரிடமும் ஆளுக்கொரு வாக்கி டாக்கி.

அன்று மங்கிய வெளிச்சத்தில் சோதனை. பொழுது சாயும் நேரத்தில்தான் அதைச் செய்ய முடியும். மறுநாள் காலை மேலிடத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அதற்குள் முடித்தாக வேண்டும்.

மணி ஆறு நாற்பது. முதல் ஓட்டம். பொம்மை பாய்ந்தது. வண்டி கிறீச்சென்று நின்றது. இரண்டாவது ஓட்டமும் அப்படியே.

மூன்றாவது ஓட்டத்தில்தான் ஆரம்பித்தது.

பழைய கார்கள் இன்னும் தள்ளி இருந்தன. பொம்மை மறைவிலிருந்து வெளியே வரவே இல்லை. திடீரென்று பீப் பீப் பீப் என்று எச்சரிக்கை. பெல்ட் என் மாரை இறுக்கியது. வண்டி குலுங்கி நின்றது.

முன்னால் வெறும் ரோடு.

"ஏன் நிறுத்தினீங்க?" மேடத்தின் குரல்.

"நான் நிறுத்தல மேடம். தானா நின்னுச்சு."

"முன்னாடி ஏதாவது இருக்கா?"

"ஒண்ணுமே இல்ல."

கேமராவில் பூச்சி ஒட்டியிருக்கும் என்றார். இறங்கித் துடைத்தேன். சுத்தமாக இருந்தது.

நான்காவது ஓட்டம். அதே இடம். அதே பீப் பீப் பீப். அதே குலுக்கல். இந்த முறை நான் திரையைப் பார்த்தேன். ஸ்டியரிங் பக்கத்துச் சின்னத் திரையில் சிவப்பாக ஓர் ஆள் உருவம். வண்டிக்கு நேர் முன்னால். நிமிர்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தால்... யாரும் இல்லை.

"அண்ணே, நீங்க எங்க இருக்கீங்க?"

"பொம்மைகிட்டதான் தம்பி. ஏன்?"

தூரத்தில், பழைய காருக்குப் பக்கத்தில் கையை ஆட்டினார். தெரிந்தது.

"இறங்கிப் பாருங்க," என்றார் மேடம். "ரோட்டுல தகரம் கிகரம் கிடக்கான்னு பாருங்க. ரேடார் ஏமாந்திருக்கும்."

இறங்கினேன். வண்டியின் முன்னால் போய் நின்றேன். தகரம் இல்லை. ஒரு கூழாங்கல்கூட இல்லை. என்ஜின் சத்தம் மட்டும். காற்றும் இல்லை.

வாக்கி டாக்கி கரகரத்தது.

"பக்கத்துல யாரு? பொம்மைக்காரரா?"

"இல்ல மேடம். நான் மட்டும்தான்."

வாக்கி டாக்கி மறுபடி கரகரத்தது.

"திரையில ரெண்டு பேர் தெரியுது."

மெதுவாகத் திரும்பினேன். ஹெட்லைட் வெளிச்சத்தில் என் நிழல் மட்டும் நீளமாகக் கிடந்தது.

"உங்களுக்கு இடது பக்கம்," என்றார் மேடம். குரல் இறங்கிவிட்டது. "கை எட்டுற தூரம். குனிஞ்சிருக்கு... ஏதோ எடுக்கிற மாதிரி..."

நான் இடது பக்கம் திரும்பினேன்.

"இப்ப நிமிருது."

டக்.

தாரில் ஏதோ தட்டியது போல ஒரு சத்தம். என் இடது காலுக்குப் பக்கத்தில். கீழே பார்த்தேன்.

ஒன்றும் இல்லை.

ஓடிப்போய் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். "மேடம், இன்னைக்குப் போதும். நாளைக்குக் காலையில பாத்துக்கலாம்."

"காலையில வெளிச்சம் வந்துடும். அப்புறம் எப்படிச் செய்யறது?" கோபமா பயமா, தெரியவில்லை. "அது பேய் இல்ல. பொய் எச்சரிக்கை. மங்கலா எதைப் பார்த்தாலும் ஆளுன்னு எடுத்துக்குது. ஆளுன்னு சந்தேகப்படற அளவைக் கொஞ்சம் குறைச்சு விடறேன். நல்லாத் தெரிஞ்சாத்தான் நிக்கும். ரெண்டு நிமிஷ வேலை."

பொம்மைக்காரர் நடுவில் புகுந்தார். "ஆளே இல்லாம நின்னா என்ன மேடம்? நிக்காம போறதுதானே தப்பு?"

"அண்ணே, ரோட்டுல போற வண்டி சும்மா சும்மா நின்னா பின்னாடி வர்றவன் வந்து மோதுவான். அதுவும் தப்புதான்."

மேடம் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் கொடுமை.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மேடம் விசைப்பலகையைத் தட்டி முடித்துவிட்டார்.

ஐந்தாவது ஓட்டம். அந்த இடம் நெருங்க நெருங்க என் உள்ளங்கை வழுக்கியது. பீப் வரவில்லை. வண்டி நிற்கவில்லை. அப்படியே கடந்து போனது. பிறகு பொம்மை பாய்ந்தது. வண்டி நின்றது. கச்சிதம்.

கடந்தபோது மட்டும் வண்டிக்குள் ஒரு நொடி குளிர்ந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஆறாவது ஓட்டத்தில் வண்டி தாமதமாக நின்றது. முன்பக்கம் பொம்மையை உரசியது. பொம்மை உருண்டது. ஒரு கால் ஷூ கழன்று எங்கோ தெறித்தது. "தேடி மாட்டிடறேன்," என்றார் அண்ணன்.

மேடம் இன்னும் ஏதோ தட்டினார். "இதுதான் கடைசி. இது சரியா வந்தா வீட்டுக்குப் போயிடலாம்."

நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஆரம்பக் கோட்டில் நிறுத்தினேன். மணி ஏழு ஐந்து. வானத்தில் வெளிச்சம் கிட்டத்தட்டத் தீர்ந்துவிட்டது.

"அண்ணே, ரெடியா?"

"ரெடி. வா தம்பி."

அவர் குரல்தான். சத்தியமாக அவர் குரல்தான்.

கிளம்பினேன். முப்பது. நாற்பது.

குதிகாலைத் தரையில் அழுத்தினேன்.

அந்த இடம் வந்தது.

அங்கே ஒருவர் குனிந்திருந்தார்.

இந்த முறை கண்ணாடி வழியாகவே தெரிந்தது. கறுப்புச் சட்டை. முதுகு. தரையிலிருந்து எதையோ எடுக்கிறார்.

திரையைப் பார்த்தேன்.

திரை காலி.

வண்டி பார்க்கவில்லை. அப்படியானால் இது அதுதான், என்று நினைத்தேன். இல்லாத ஆள். திரையில் தெரிந்ததே, அது.

அவர் நிமிர்ந்தார். கையில் சின்ன ஷூ. வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

அண்ணன்.

என் கால்...

என் கால் அசையவில்லை.

டம்.

அதற்கு அப்புறம்தான் மறைவிலிருந்து பொம்மை ஓடிவந்தது. பீப் பீப் பீப். வண்டி பிரேக் போட்டது. அழகாக நின்றது. பொம்மைக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி. ஒற்றைக் கால் ஷூவோடு பொம்மை என்னையே பார்த்துக்கொண்டு நின்றது.

கன்டெய்னரிலிருந்து பார்த்தால் அந்த இடம் தெரியாது. பழைய கார்கள் மறைக்கும்.

"சூப்பர்!" என்றார் மேடம். "பாஸ்! வாங்க, கிளம்பலாம்!"

கதவைத் திறந்து இறங்கினேன். வாக்கி டாக்கியில் மேடம் சிரிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. ஷூவை அண்ணனின் விரல்களிலிருந்து பிரிக்க முடியவில்லை. அவருடைய வாக்கி டாக்கி பலகைக்குப் பக்கத்தில், பொம்மையின் காலடியில் கிடந்தது. அவர் கையில் இல்லை. "ரெடி" என்று சொன்னபோது அவர் எங்கே இருந்தார் என்று என்னைக் கேட்டார்கள். எனக்கு இன்றுவரை தெரியாது.

விசாரணை மூன்று கூட்டங்களில் முடிந்தது. குளிர்ந்த அறை, தண்ணீர் பாட்டில்கள், மரியாதையான ஆட்கள். "வண்டியில குறை எதுவும் இல்ல. பொம்மையைப் பார்த்து நின்னிருக்கு. தடத்துக்குள்ள ஆள் நுழைஞ்சதுதான் விதிமீறல்," என்றார்கள். அண்ணனின் மனைவி வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் பின்வாசல் வழியாக வெளியே வந்தேன். அந்தக் கடைசி ஓட்டத்தின் அளவுகளையே படிப்படியாக எல்லா வண்டிகளுக்கும் வைப்பது என்று கம்பெனி முடிவு செய்தது.

மேடம் வேலையை விடுவதற்கு முன் ஒருமுறை என்னிடம் பேசினார். வண்டி முதலில் இரண்டு தடவை சும்மா நின்றதல்லவா, அப்போது ஆள் எங்கே இருப்பதாக அது கணக்குப் போட்டது என்று பார்த்தாராம்.

"அவர் நின்ன அதே இடம்," என்றார். "குனிஞ்சது, நிமிர்ந்தது, எல்லாம் அதேதான். வண்டி முன்னாடியே பார்த்துடுச்சு. நான்தான் அதோட கண்ணைக் கட்டிட்டேன்."

அதற்குப் பிறகு அவர் என் போனை எடுக்கவில்லை.

நானும் அந்த வேலையை விட்டுவிட்டேன். இப்போது ஒரு கிடங்கில் சரக்குகளைச் சரிபார்க்கிறேன். சாயங்காலம் என் மனைவிக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிடுவேன். அவள் காரில் வருவாள். அந்தக் கம்பெனி வண்டிதான், முன்பு சலுகை விலையில் வாங்கியது.

போன வியாழக்கிழமை சாப்பிடும்போது அவள் சொன்னாள்.

"காலையில நீங்க போன பிறகு நான் கிளம்பும்போதெல்லாம் நம்ம வண்டி கேட்டுகிட்ட தானா நின்னுடுது. ஆளே இருக்கிறதில்ல. ஒரு வாரமா இதே ரோதனை."

நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்கதான் வண்டிப் பேச்சை எடுத்தாலே எழுந்து போயிடறீங்களே. கவலைப்படாதீங்க. இன்னைக்குப் பட்டறையில விட்டுச் சரி பண்ணியாச்சு. புது அளவு போட்டிருக்காங்களாம். இனிமே நிக்காது."

"நின்னப்போ திரையில என்ன காட்டுச்சு?"

"ஆள் படம்தான்."

"ஒண்ணா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "இல்ல. ரெண்டு. ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது. கையைப் பிடிச்சுட்டு நிக்கிற மாதிரி."

தினமும் சாயங்காலம் அவள் வரும் நேரத்துக்குக் கேட்டைத் திறந்துவிட்டு, அங்கே கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது நானும் என் மகளும்தான்.

அன்றோடு நாங்கள் அங்கே நிற்பதை விட்டுவிட்டோம். மறுநாள் காலையில் முதல் ஆளாகப் பட்டறைக்குப் போனேன். பழைய அளவையே திரும்ப வைக்கச் சொன்னேன். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே உதட்டைப் பிதுக்கினான்.

"முடியாது சார். இப்ப எல்லா வண்டிக்கும் இதுதான். ஒரு மாசமா ஒரே புகார். ஆளே இல்லாத இடத்துல நிக்குது, திரையில ஆள் தெரியுதுன்னு. ஸ்கூல் வாசல்ல, பஸ் ஸ்டாப்புல, வீட்டு வாசல்ல..."

அவனுக்குப் பின்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. தெருவரைக்கும்.

"ஒண்ணு விடாம எல்லாத்தையும் சரி பண்ணிட்டோம் சார்," என்றான்.