தையல் மெஷின் மேல் போட்ட பழி

1. முதல் போன்

"அண்ணா, ஆஃப் ஆயிடுச்சு. கேம் பாதியில நிக்குது, ஸ்க்ரீன் கருப்பு. இன்னா பண்றது, சொல்லுங்க."

போனில் ஜெனிஃபர். அவளுக்கு நான் கேமிங் பிசி அசெம்பிள் செய்து கொடுத்து அன்றோடு பத்து நாள். பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு மாடிக் கடையில் இருபத்தாறு வருடமாக இதே வேலை பார்க்கிறேன். நான் பூட்டிக் கொடுத்த மெஷின் பத்தே நாளில் படுத்துவிட்டது என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. அதனால் எனக்கு முதலில் கவலை வரவில்லை, கோபம்தான் வந்தது.

"நீ எதையாவது நோண்டினியாம்மா?"

"நான் ஒண்ணுமே தொடலண்ணா. இது ஒரு தடவை ஆயிடுச்சு. மூணு தடவை ஆச்சுன்னா அவங்க வேற ஆளைப் பாத்துப்பாங்க."

அந்த மூன்று தடவைக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெனி வேலை பார்த்த கால் சென்டரை மூடிவிட்டார்கள். நான்கு மாதம் அலைந்த பிறகு ஒரு கம்பெனியில் கேம் டெஸ்டிங் வேலை, ஆறு வாரம் டிரையல் என்று கூப்பிட்டார்கள். இன்னும் வெளிவராத கேம்களை வீட்டிலிருந்தே ஆடிப் பார்த்து, எங்கெங்கே தப்பு இருக்கிறது என்று எழுதி அனுப்ப வேண்டும். மெஷின் அவளுடையதாக இருக்க வேண்டும். ஆட்டம் நடக்கும்போது மெஷின் நின்று போனால் குறித்துக்கொள்வார்கள். மூன்றாவது முறை குறித்தால் டிரையல் முடிந்தது, வீட்டுக்குப் போகலாம்.

2. கட்டிலுக்கும் மெஷினுக்கும் நடுவில்

ஜெனியின் வீடு சாந்தோமில் ஒரு சந்துக்குள். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, வெளியே நான்கு குடித்தனத்துக்கும் பொதுவான நடை. அறையில் பாதியைக் கட்டில் பிடித்துக்கொண்டிருந்தது. மீதிப் பாதி அவள் அம்மா பிலோமினாவின் தையல் மெஷினுக்கு. மோட்டார் வைத்த மெஷின். அந்தத் தெருவிலும் சர்ச் பங்கு வீடுகளிலும் கல்யாணம் என்றால் பிளவுஸ் எல்லாம் பிலோமினா அம்மாவிடம்தான் வரும். கட்டிலுக்கும் மெஷினுக்கும் நடுவில், மாதா படத்துக்குக் கீழே ஒரு சின்ன ஷெல்ஃப். பெட்டியை அங்கேதான் வைக்க முடியும்.

சாதாரண கம்ப்யூட்டர் கேபினெட் அதில் நுழையாது. சின்ன பெட்டிதான் வேண்டும், கையில் இருக்கும் பணமோ கம்மி. இந்த இரண்டும் சேர்ந்தால் எந்த அசெம்ப்ளருக்கும் தலைவலி. சின்ன மதர்போர்டு விலை அதிகம், சின்ன கேபினெட் விலை அதிகம். சிறிசானால் விலை குறையும் என்று நினைத்து வருகிறவர்களிடம் இதைச் சொல்லிப் புரிய வைப்பதிலேயே எனக்குப் பாதி நாள் போய்விடும்.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். பட்ஜெட் இடித்தால் கலர் லைட்டை வெட்டுங்கள், கண்ணாடிக் கதவை வெட்டுங்கள். பவர் சப்ளையில் மட்டும் கை வைக்காதீர்கள். கிராஃபிக்ஸ் கார்டு பழசாக இருந்தாலும் பரவாயில்லை, இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். நான் ரிச்சி தெருவில் ஒரு காலை முழுக்க நின்று அப்படித்தான் ஒரு கார்டு பிடித்தேன். பிராசசரின் சூட்டை இறக்க அதோடு இலவசமாக வந்த கூலர் உயரமாக இருந்ததால் கேபினெட் மூடி மூடவில்லை. தட்டையான கூலர் ஒன்று தனியாக வாங்கிப் பூட்டினேன். கேபிளையெல்லாம் மடித்துச் சொருகி மூடியைப் போட்டபோது எனக்கே பெருமையாக இருந்தது. ஏசி போட்ட கடையில் அரை மணி நேரம் கேம் ஓட்டிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

3. பிசிறு

போன் வந்த அன்று சாயங்காலமே சாந்தோம் போனேன். சூடு காட்டும் சாஃப்ட்வேரைப் போட்டால் தொண்ணூற்றைந்து டிகிரியைத் தொட்டுக்கொண்டிருந்தது. சின்ன டப்பா, சித்திரை மாத வெயில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சூடு இருக்கத்தானே செய்யும் என்று அதை விட்டுவிட்டேன். பக்கத்து மூடியைக் கழற்றியதும் எனக்கு வேண்டியது கிடைத்தது. ஃபேன் வலையில் சிவப்பும் பச்சையுமாகத் துணிப் பிசிறு.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். தப்பு என் மேல் இல்லை. பிசிறை விரலில் எடுத்துக் காட்டினேன்.

"இந்த ரூம்ல துணி தைச்சா இது தாங்காதும்மா. காத்து உள்ள போற வழியெல்லாம் அடைச்சுக்கிச்சு பாருங்க."

பிலோமினா அம்மா பிசிறைப் பார்த்தார். பிறகு கையில் வைத்திருந்த பிளவுஸைப் பார்த்தார்.

ஜெனி வெடித்துவிட்டாள். "நான் அப்பவே சொன்னேன்ல? பத்து நாள் நிறுத்துன்னு சொன்னா கேக்குறியா நீ? உனக்கு உன் தையல்தான். என் வேலை எப்படிப் போனா இன்னா?"

"இல்லடி, எனக்கு இன்னாடி தெரியும்..." பிலோமினா அம்மா பிளவுஸை மடித்துக் கட்டிலில் வைத்தார்.

நான் அவர் போட்டுக் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டு நின்றேன். ப்ளோயர் வைத்து ஊதிச் சுத்தம் செய்தேன். சூடு கொஞ்சம் இறங்கியது. சொன்னேன் பாருங்கள் என்பது போல ஒரு பார்வை வேறு பார்த்துவிட்டுக் கிளம்பினேன். அந்தப் பார்வையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

மறுநாளே தையல் மெஷினை நடைக்குத் தள்ளிவிட்டார்களாம். நடையில் பிளக் பாயின்ட் கிடையாது. பிளக் இல்லாமல் மோட்டார் ஓடாது. கல்யாண சீசனில் வாங்கி வைத்திருந்த பிளவுஸ் துணியையெல்லாம் பிலோமினா அம்மா வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கொடுத்தார். எட்டாவது நாள் ஜெனி மறுபடியும் கூப்பிட்டாள்.

"அண்ணா, ரெண்டாவது தடவை. அம்மா ஒரு வாரமா ஊசியைக்கூடத் தொடலண்ணா."

4. கழற்றியபோது

சனிக்கிழமை அவளுக்கு லீவு. பெட்டியைக் கடைக்கு எடுத்து வந்தேன். ஃபேன் வலையில் ஒரு நூல்கூட இல்லை. அப்போதும் எனக்கு என் மேல் சந்தேகம் வரவில்லை. பிராசசரின் சூட்டைக் கூலருக்குக் கடத்த நடுவில் தடவிய பேஸ்ட் காய்ந்திருக்கும், மாற்றிப் போடலாம் என்றுதான் கூலரைக் கழற்றினேன்.

பிடிப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. திருப்பிப் பார்த்தால் அடியில் கண்ணாடி போல ஒரு பிளாஸ்டிக் பிலிம். பூட்டுவதற்கு முன் உரித்துவிடவும் என்று அதன் மேலேயே சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. உரிக்காமல் அதன் மேலேயே பேஸ்ட் தடவிப் பூட்டியிருக்கிறேன். சூடு கூலருக்கு ஏறவே வழியில்லை. கடைக்குப் புதிதாக வேலைக்கு வரும் பசங்களுக்கு முதல் நாள் நான் சொல்லிக் கொடுக்கும் பாடமே அந்தப் பிலிமை உரிப்பதுதான்.

கடை முதலாளி எட்டிப் பார்த்தார். "இன்னா நைனா, பேயறைஞ்ச மாதிரி குந்திக்கினு கீற?"

பிலிமைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார்.

"அட, இதுக்கா? உரிச்சுப் போட்டு மாட்டு. டஸ்ட்டு, கிளீன் பண்ணிட்டேன்னு சொல்லிக்கோ. யாருக்குத் தெரியப் போவுது? கஸ்டமர் கிட்ட நீயா போய் மாட்டிக்காத."

அவர் கெட்ட மனிதர் இல்லை. அந்த யோசனை அவர் சொல்வதற்கு முன்பே எனக்கும் வந்திருந்தது. பிலிமை உரித்தேன், புது பேஸ்ட் வைத்தேன், ஏசியை அணைத்துவிட்டு நான்கு மணி நேரம் ஓட்டினேன். எழுபதைத் தாண்டவில்லை. மெஷின் சரியாகிவிட்டது. டஸ்ட் என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாரும் நம்புவார்கள், ஜெனிக்கு வேலையும் நிலைக்கும். ஆனால் பிலோமினா அம்மா இனி ஆயுசுக்கும் அந்த அறையில் தையல் மெஷினை வைக்கமாட்டார். ராத்திரி சாப்பிடும்போது இதை என் மனைவியிடம் சொன்னேன். "அந்த அம்மா துணியைத் திருப்பிக் குடுத்தப்ப எத்தினி பேருக்குப் பதில் சொல்லியிருக்கும்?" என்று மட்டும் கேட்டாள்.

பெட்டியை ஞாயிற்றுக்கிழமை ஜெனி வந்து எடுத்துப் போனாள். கடையில் கூட்டம். "சரியாயிடுச்சும்மா" என்று மட்டும் சொன்னேன். திங்கட்கிழமை காலை பஸ் பிடித்து சாந்தோம் போனேன்.

நடையில் தையல் மெஷின் மேல் பழைய சேலை போர்த்தியிருந்தது. உள்ளே ஜெனி காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தாள். செஷன் நடக்கிறது, கூப்பிடக் கூடாது. பிலோமினா அம்மா வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பர்ஸிலிருந்து அந்தப் பிலிமை எடுத்தேன்.

"அம்மா, இது நான் உரிக்காம விட்டது. இதனாலதான் கம்ப்யூட்டர் நின்னுச்சு. உங்க தையலால இல்ல. நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"பிசிறு இருந்துச்சே தம்பி?"

"இருந்துச்சும்மா. மாசத்துக்கு ஒரு தடவை பிரஷ்ஷால தட்டி விட்டா போதும்."

முறத்தைக் கீழே வைத்தார். "எங்கிட்ட சொல்லி இன்னா புண்ணியம்? அவகிட்ட சொல்லுங்க. பத்து நாளுக்கு மேல என் கையால சோறு வாங்கித் துன்றா, என் மூஞ்சப் பாக்க மாட்றா."

ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் காபி போடவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொரு நிமிடமும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மறுபடியும் கருப்பாகிவிடுமோ என்று. ஆகவில்லை. ஜெனி ஹெட்ஃபோனைக் கழற்றித் திரும்பியதும் அவள் அம்மா காதில் விழும்படி எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன்.

அவள் எழுந்து நடைக்குப் போய், மெஷின் மேலிருந்த சேலையை உருவித் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பக்கம் பிடித்தாள்.

"அந்தப் பக்கம் புடிங்கண்ணா. அம்மா, நீ நவுரு."

"ஜாக்கிரதைடி, மோட்டாரு இடிக்கப் போவுது," என்றார் பிலோமினா அம்மா.

டிரையல் முடிந்து ஜெனிக்கு வேலை உறுதியாகிவிட்டது. திருப்பிக் கொடுத்த பிளவுஸ் துணியில் பாதிக்கு மேல் அந்த சீசனில் திரும்பி வரவில்லை. அதை எந்த ஸ்க்ரூடிரைவராலும் என்னால் சரிசெய்ய முடியாது.

இப்போதும் கம்ப்ளெயின்ட் வந்து வீடுகளுக்குப் போகிறேன். சாம்பிராணிப் புகை, கடல் காற்று, பூனை முடி என்று கண்ணில் ஏதாவது படத்தான் செய்கிறது. அவர்களை ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்னால் கூலரைக் கழற்றி நான் செய்த வேலையைப் பார்த்துவிடுகிறேன்.