என் கடை நீலம், சகலை கடை நரி

பிரவுசிங் சென்டர் வெச்சவனுக்கு ரெண்டு கண்ணு பத்தாது. ஒண்ணு மானிட்டர் மேல இருக்கணும், ஒண்ணு கேபின் மேல இருக்கணும், மூணாவதா ஒண்ணு எதிர்க்கடை மேல இருந்தே ஆவணும். எதிர்க்கடைக்காரன் நல்லவனா வேற இருந்துட்டான்னு வெச்சுக்குங்க, அந்த மூணாவது கண்ணு தூக்கத்துலயும் மூடாது. ஜெராக்ஸ் கடையோ, எஸ்டிடி பூத்தோ, ரீசார்ஜ் கடையோ, எதை வெச்சு வயிறு எரிஞ்சவங்களா இருந்தாலும் சரி, வாங்க, பக்கத்துல உக்காருங்க. நீங்க நம்ம ஆளு.

ரெண்டாயிரத்து ஆறு, ஏழு சமயம். திருத்தணியில மலைக்கு ஏறுற ரோட்டுல ஆறு கேபினோட கடை வெச்சிருந்தேன். கம்ப்யூட்டர் வாங்கும்போதே கூடவே ஒட்டிக்கினு வருமே நீல எழுத்து போட்ட பிரவுசர், அதுதான் ஆறுலயும். அதை நான் நீலம்னு சொல்லுவேன். நல்லா ஓடிக்கினு இருந்துச்சு, ஹரிபாபு வர்ற வரைக்கும். என் பொண்டாட்டி விஜயாவோட தங்கச்சி லதாவைக் கட்டினவன் இந்த ஹரிபாபு. நகரிப் பக்கத்து ஆளு, எனக்குச் சகலை. ஊர்ல எவ்ளோ இடம் கெடக்குது, இவன் வந்து எனக்கு நேர் எதிர்ல கடையைத் தொறந்தான். இன்னா தம்பி இதுன்னு கேட்டா, "உங்க நிழல்ல இருக்கலாம்னுதான் அண்ணா"ன்னு சிரிக்கறான். இன்னா நிழலு? சாயங்கால வெயிலு அவன் போர்டு மேல பட்டு நேரா என் கண்ணைத்தான் குத்துச்சு.

அவன் கடையில நீலம் கெடையாது. உலகத்தை வாலால சுத்திக்கினு படுத்திருக்குமே ஒரு நரி, அந்தப் படம் போட்ட பிரவுசரு. ஊரே அதைப் பத்திப் பேச ஆரம்பிச்சுது. பேசட்டும், போவட்டும், எனக்கு ஒருத்தி இருந்தா போதும். விஜயா மதியம் சோத்து டப்பா எடுத்துக்கினு வருவா. நான் சாப்பிட்டு முடிக்கறதுக்குள்ள ஒரு கேபின்ல உக்காந்து, கூட ஹாஸ்டல்ல படிச்ச கோமதிக்கு மெயில் போடுவா. யாரு வேணும்னாலும் ரோட்டைத் தாண்டட்டும், இவ ஒருத்தி தாண்டக் கூடாது. அதுதான் எனக்கு மானம்.

குருக்களோட மெயிலு

மலைக்கோயில்ல பரம்பரையா பூஜை பண்ற குடும்பத்துப் பெரியவர் ஒருத்தர். பையன் அமெரிக்காவுல இருந்தான். வாரத்துல ஒரு நாள் வந்து, ஒத்த விரலால தேடித் தேடி எழுத்தைக் குத்தி, பையனுக்கு ஊர்க்கதை பூரா எழுதுவாரு. ஒரு நாள் அப்படி எழுதி முடிச்சு அனுப்பப் போற நேரத்துல நீலம் வெளுத்துப் போச்சு. ஜன்னல் அப்படியே உறைஞ்சு நின்னுடுச்சு. நான் ஓடிப் போயி மூடினேன், கூடவே தொறந்திருந்த அத்தனையும் போச்சு, எழுதினதும் போச்சு. நீலத்தோட குணம் அது. ஒண்ணு சாவும்போது கூட இருக்கறதையும் இழுத்துக்கினுதான் போவும்.

அடுத்த வாரம் அவரு எதிர்ல போயிட்டாரு. அங்கயும் நரி ஒரு தடவை படுத்துக்கிச்சாம். ஆனா திரும்பத் தொறந்ததும், எந்தெந்தப் பக்கம் இருந்துச்சோ எல்லாத்தையும் கொண்டாந்து வெச்சு, அடிச்ச எழுத்தையும் அப்படியே காட்டிடுச்சாம். மனுஷன் என் கடை வழியா போவும்போது நின்னு, கோவமே இல்லாம சொல்லிட்டுப் போனாரு. கோவமா சொல்லியிருந்தாலாவது ஆறியிருக்கும்: "உன் கடையில டைப் பண்ணினா, அனுப்பறதுக்கு முன்னாடி மலைக்கு வேண்டிக்கணும்ப்பா. அவன் கடையில பட்டனை அமுக்கினாலே போறும்."

நரிக்குப் பசி

எனக்கும் ஒரு நல்ல காலம் வந்துச்சு. நரிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, மெமரியைத் தின்னும். காலையில தொறக்கும்போது அடக்க ஒடுக்கமா இருக்கும். ஒரே ஜன்னல்ல ஏழெட்டுப் பக்கம் தொறந்து வெச்சு, மதியம் வரைக்கும் மூடாம விட்டா, பந்தியில பாதி சோத்தை ஒருத்தனே தின்ன மாதிரி மிஷினு மூச்சு வாங்கும். எதிர்ல மவுஸை ஆட்டறாங்க, அம்பு நகரல. நான் இங்கிருந்து பார்த்து ரசிச்சுக்கினு இருந்தேன். அன்னிக்கு ஒரு கரண்டி சோறு கூடவே தின்னேன், பொய் சொல்லல. அவன் வாசல்ல காத்துக்கினு இருந்தவங்களைக் கூட, "இங்க வாங்க, சும்மா பறக்குது"ன்னு கூப்பிட்டேன்.

வந்தவரு சேகரு. அம்மையார்குப்பத்துல பவர்லூம் ஓட்டறவரு. புடவை டிசைன் படத்தை மெட்ராஸ் கடைக்கு அனுப்பணும். நீலம் வேகமாத்தான் தொறந்துச்சு. படம் ஏறி முடியறதுக்குள்ள பொட்டுனு மூடிக்கிச்சு. திரும்பத் தொறந்தோம், திரும்ப மூடிக்கிச்சு. நான் கரண்டைத் திட்டினேன், கனெக்‌ஷனைத் திட்டினேன், மானிட்டர் மண்டையில ஒரு தட்டும் தட்டினேன். சேகரு எழுந்து துண்டை உதறித் தோள்ல போட்டுக்கினாரு. "அண்ணா, அங்க தறி மெதுவா ஓடுது, உங்ககிட்ட நூலு அறுந்துகினே இருக்குது. மெதுவா ஓடறதையே நான் பார்த்துக்கறேன்."

பேப்பருக்கு மேல பந்தலு

ஆர்.கே.பேட்டைப் பக்கத்து விவசாயி ஒருத்தரு, வீட்டுல தெலுங்கு பேசறவங்க. மகளை ஆந்திராவுல உள்ள தள்ளிக் கட்டிக் குடுத்திருந்தாரு. அந்த ஊரு சேதி போட்ட தெலுங்குப் பேப்பர் நம்ம கடைகளுக்கு வராது, கம்ப்யூட்டர்லதான் படிக்கணும். அந்தக் காலத்துப் பேப்பருங்க ஒவ்வொண்ணும் தனக்குன்னு ஒரு எழுத்து, ஃபாண்ட்டுன்னு சொல்லுவாங்களே, அதை வெச்சிருந்துச்சு. நீலத்துல அது தானா வந்துடும். நரியில தொறந்தா கோழி கெளறின மாதிரி இருக்கும். ஹரிபாபுவே அவரைக் கையைப் புடிச்சு ரோட்டைத் தாண்டிக் கூட்டியாந்து, "அண்ணா கடையிலதான் நல்லா வரும், இங்கயே படிங்க"ன்னு விட்டுட்டுப் போனான். இந்த மாதிரி ஒரு எதிரியை வெச்சுக்கினு ஒரு மனுஷன் எப்படிங்க பொழைக்கறது? எதிரின்னா எதிரியா நடந்துக்க வேணாமா?

சரி, கெடச்ச வரைக்கும் லாபம்னு, வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம், "பார்த்தியா, நரிக்குத் தெலுங்கு தெரியாது, நம்ம நீலத்துக்குத் தெரியும்"னு பீத்திக்கினு இருந்தேன். அந்தப் பவுசு ரொம்ப நாளு நிக்கல. நரியில நமக்கு வேணும்ங்கறதைச் சின்னச் சின்னதா சேர்த்துக்கலாம், அதுக்கு ஆட்-ஆன்னு பேரு. யாரோ ஒரு புண்ணியவான் இந்த எழுத்துச் சிக்கலுக்குன்னே ஒண்ணு செஞ்சு போட்டிருந்தான். ஹரிபாபு அதைத் தேடிப் புடிச்சு மாட்டிட்டான். என் நீலத்துலயும் சேர்ந்திருந்துச்சு, இல்லேன்னு சொல்லல. பாட்டு இறக்கறேன், ஜாதகம் பார்க்கறேன்னு வந்தவன் போனவன் எல்லாம் ஆளுக்கொரு டூல்பார் பட்டையை ஜன்னலுக்கு மேல ஒட்டிட்டுப் போயிருந்தானுங்க. எதை எடுத்தாலும் மறுநாளு திரும்ப வந்து உக்காந்துகினு இருக்கும். பேப்பரு நாலு விரக்கடை அகலத்துல கீழ எட்டிப் பார்க்கும். விவசாயி கண்ணாடியைக் கழட்டிப் பையில வெச்சுக்கினு சொன்னாரு: "நைனா, உன் கடையில பேப்பரு மேல பெரிய பந்தலா போட்டு வெச்சிருக்கற. அங்க பந்தல் இல்ல, பேப்பரு மட்டும் இருக்குது."

சோத்து டப்பா

இதெல்லாம் தாங்கிக்கினேன். தாங்க முடியாதது அதுக்கப்புறம்தான் வந்துச்சு. ஒரு நாள் மதியம் விஜயா டப்பாவை டேபிள் மேல வெச்சுட்டு, "லதாவைப் பார்த்துட்டு வரேங்க"ன்னு போனா. தங்கச்சிதானே, போவட்டும். மறுநாளும் போனா. அதுக்கு மறுநாளு சோத்தைப் பெசைஞ்சுக்கினே எதிர்ல பார்க்கறேன், ஹரிபாபு கடை வாசல்ல, கஸ்டமருங்க செருப்பு விடற எடத்துல, என் பொண்டாட்டி செருப்பு. லதா கல்லாவுல தனியா உக்காந்து சில்லறை எண்ணிக்கினு இருக்கா. அப்ப விஜயா எங்க? உள்ள, கேபின்ல! திரும்பி வந்தவளை, "மெயிலு பார்க்கலியா?"ன்னு சும்மா கேட்கற மாதிரி கேட்டேன். "பார்த்தாச்சே"ன்னு டப்பாவைக் கழுவப் போயிட்டா.

பொறாமைன்னா அப்படி ஒரு பொறாமை. ஊரே அவன் பக்கம் போனது ஒண்ணும் பெருசில்ல, இது வேற. இதுல இன்னொண்ணும் இருக்குது. என் கடையில யாரு இன்னா பார்த்துட்டுப் போறாங்கன்னு எனக்கு அத்துப்படி. நீலத்துல மேல அட்ரஸ் அடிக்கற எடத்துல ஒரு எழுத்தைத் தட்டினா போதும், அன்னிக்குப் பூரா யாரு எங்க போனாங்கன்னு வரிசையா கீழ கொட்டும். கடை வெச்சவன் கடையைப் பார்த்துக்க வேணாமா? அதனால அவ டப்பாவைக் கழுவிக்கினு இருக்கும்போதே நான் ரோட்டைத் தாண்டி, சகலை கடையில அதே கேபின்ல, சூடு ஆறாத நாற்காலியில போயி உக்காந்தேன். எழுத்தைத் தட்டினேன், ஒண்ணுமே கொட்டல. பழசு எல்லாம் இருக்கற எடத்தைத் தொறந்து பார்த்தேன், துடைச்சு வெச்ச மாதிரி இருக்குது. பின்னாடி ஹரிபாபு டீ கிளாஸோட நிக்கறான். நான் இன்னா தேடறேன்னு அவனுக்குப் புரிஞ்சுபோச்சு, ஆனா முகத்துல காட்டிக்கல. "மூடினா எல்லாம் தானா அழிஞ்சுடற மாதிரி போட்டு வெச்சிருக்கேன் அண்ணா. பார்க்க முடிஞ்சா நானும் பார்த்துடுவேன் இல்ல, அதான்."

கேட்டே புட்டேன்

வீட்டுல விஜயா அவரைக்காய் நறுக்கிக்கினு இருந்தா. அடக்கி அடக்கிப் பார்த்தேன், முடியல. "நம்ம கடையில இல்லாதது அவன் கடையில இன்னாடி இருக்குது?"ன்னு கத்தியே புட்டேன். அவ நறுக்கறதை நிறுத்தல. "போன மாசம் சாப்பிடும்போது சொன்னீங்களே, தையல் டீச்சரு ரெண்டாங் கல்யாணத்துக்கு வெப்சைட்ல மாப்பிள்ளை தேடறாங்கன்னு. அவங்க வந்து உங்ககிட்ட சொன்னாங்களா?" அந்தம்மா எழுந்து போனதும் நான் எழுத்தைத் தட்டிப் பார்த்த சேதி அது.

அவளே தொடர்ந்தா. குரல்ல சூடு இல்ல, அதுதான் எனக்கு பயமா இருந்துச்சு. கோமதி ஒருத்திகிட்டதான் மனசு விட்டுப் பேசுவாளாம். அம்மாகிட்ட சொன்னா அழுவாங்களாம், லதாகிட்ட சொன்னா ஊருக்கே தெரிஞ்சுடுமாம். "அப்படி இன்னா பேசுவீங்க?"ன்னு கேட்டேன், என்னை அறியாம மரியாதை வந்துடுச்சு. கத்தியைக் கீழ வெச்சுட்டு என்னை நேரா பார்த்தா. "உங்களைப் பத்தித்தான். உங்களைப் பத்தி உங்க கடையிலயே உக்காந்து எப்படிங்க எழுதறது?"

நானும் மாறிட்டேன்

மறுநாளே ஆறு கேபின்லயும் நரியை ஏத்தினேன். திருந்திட்டேன்னு யாரும் நெனச்சுக்காதீங்க, அவ செருப்பு அந்த வாசல்ல கெடக்கறதை என்னால பார்க்க முடியல, அவ்ளோதான். மூடினா எல்லாம் அழியற மாதிரி வைக்கறது எங்கன்னு தெரியாம, கடைசியில ஹரிபாபுவைத்தான் கூப்பிட வேண்டியிருந்துச்சு. அவன் சிரிச்சுக்கினே வந்து எல்லாத்துலயும் போட்டுக் குடுத்தான். அதுக்கும் எனக்கு எரிஞ்சுது. "இங்கயே நரி வந்துடுச்சு"ன்னு விஜயாகிட்ட சொன்னேன். "அப்படியா"ன்னுட்டு எதிர்ல போனா. மறுநாளும் போனா. நான் சோத்தைத் தொடாம டப்பாவைத் திருப்பி அனுப்பினேன்.

அப்புறம் ஒரு நாளு டப்பாவை வெச்சவ ரோட்டைத் தாண்டல. சுவரோரக் கேபின்ல போயி உக்காந்தா. நான் குழம்பு எது, ரசம் எதுன்னு தெரியாம தின்னுக்கினு இருக்கேன். உள்ள கீபோர்டு சத்தம் விட்டு விட்டுக் கேட்குது. நடுவுல ஒரு தடவை சிரிச்சா. யாரை நெனச்சு சிரிச்சா, என்னை நெனச்சா? எழுந்து, காலி டப்பாவை எடுத்துக்கினு பின்பக்கம் கழுவப் போனா. நான் ஒரே தாவுல அந்த நாற்காலியில உக்காந்து, கையில சோத்துப் பருக்கையோட எழுத்தைத் தட்டறேன். ஒண்ணும் வரல. இன்னொரு எழுத்து, அதுவும் வரல. தோளுக்குப் பின்னாடி டப்பாவுல இருந்து தண்ணி சொட்டற சத்தம். விஜயா எவ்ளோ நேரமா நின்னுக்கினு இருந்தாளோ, எனக்குத் தெரியாது. "ஒண்ணும் கெடைக்கலியா? அப்ப நாளையில இருந்து நான் இங்கயே உக்காந்துக்கறேன்."

சகலை மேல இருந்த பொறாமை அன்னியோட தீர்ந்துச்சு. இப்ப எரியறதெல்லாம், என்னைப் பத்தி எனக்கே தெரியாததைக் கூடத் தெரிஞ்சு வெச்சிருக்காளே, அந்தக் கோமதி மேலதான்.