நம்பர் ஏறிய நாள்

குற்றாலத்தில் லாட்ஜ் நடத்துகிற எங்களுக்குச் சீசனில் ஒரே கேள்விதான் போனில் வரும்: "அங்கன தண்ணி விழுதா?" போன வருஷம் சாரல் நேரத்தில் எனக்கு வந்த கேள்வி வேறு. "நம்பர் ஏறுச்சா?"

என் கணவருக்குக் காய்ச்சலில் தொடங்கியது நிமோனியாவாகி, இரண்டு நுரையீரலையும் ஒரேயடியாகச் சாய்த்துவிட்டது. தென்காசியில் முடியாது என்று மதுரைக்கு அனுப்பினார்கள். வென்டிலேட்டர் வைத்தும் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறவில்லை. கடைசியில் அந்தக் குழாய் வழியாகவே நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவையும் சேர்த்துக் கொடுத்தார்கள். சற்று நேரத்தில் திரையில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் நம்பர் ஏறியது. பக்கத்தில் நின்ற நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. "ஆக்சிஜன் கூடியிருக்கு, நல்லதுதான். ஆனா நுரையீரல் இன்னும் ஆறலை. அது ஆறுறதுக்குக் கொஞ்சம் நேரம் கிடைச்சிருக்கு, அவ்வளவுதான்."

அச்சன்புதூரில் விவசாயம் பார்க்கிற அத்தான், என் கணவரின் அண்ணன், முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார். நல்ல மனுஷர். நல்ல சேதியை அவரால் அடக்கிவைக்க முடியாது. துபாயிலிருந்து கிளம்பத் தயாராக இருந்த என் மகளை உடனே போனில் பிடித்தார்.

"ஏட்டி, அப்பாவுக்கு ஏறிட்டு. லீவைப் போட்டு வீணாக்காத. வீட்டுக்கு வந்த பொறவு சாவகாசமா வா."

எனக்கு வந்ததே கோபம். கல்யாணமான நாளிலிருந்து அவர் முன்னால் குரல் உயர்த்தாதவள், போனைப் பிடுங்கினேன். "அத்தான், டாக்டர் சொன்னத முழுசா கேட்டியளா?" மகளிடம், "கிளம்பி வா," என்றேன்.

"நம்பர் ஏறிட்டுன்னு பெரியப்பா சொன்னாங்களே?"

"ஏறிட்டு. நீ வா."

மறுநாள் காலையில் வந்தாள். அப்போதும் நம்பர் நன்றாகத்தான் இருந்தது. "அப்பா கை கதகதப்பா இருக்கும்மா," என்றாள். உள்ளே விட்டபோதெல்லாம் போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, சின்னப்பிள்ளையில் செய்த சேட்டைகளையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் நம்பர் இறங்கத் தொடங்கியது. வாயுவைக் கூட்டியும் நிற்கவில்லை. விடிவதற்குள் அவர் போய்விட்டார்.

ஆசை காட்டி ஏமாற்றியது என்று அந்த வாயுவின் மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் உண்டு. ஆனால் துக்கம் கேட்க வந்த பெண்கள் என் மகளைக் கட்டிக்கொண்டு, "அப்பாவ உசுரோட பாத்தியா?" என்றபோது, "பாத்தேன்," என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தான் எழுந்து வெளியே போய்விட்டார்.