தாய்மாமன் எழுத்து

என் மகளின் காதுகுத்துக்குப் பேனர் அடிக்க சின்னமனூர் ஃபிளெக்ஸ் கடைக்குப் போனேன். டிசைன் செய்கிறவருக்குக் கட்டம்போட்ட லுங்கி, கம்பீரமான தொப்பை. எழுத்தைத் திரையில் போட்டதும் தெருவுக்கு ஓடிப்போய், அங்கிருந்து ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார்.

“அண்ணே, தாய்மாமன் ரெண்டு பேரு. யார் பேரு சின்னதாத் தெரிஞ்சாலும் சாப்பிடாமப் போயிருவாக,” என்றேன்.

“இதுக்குத்தான எழுத்துல இத்தன ரகம் வச்சிருக்கான்!” என்றவர், மூத்தவருக்குக் குட்டையான தடித்த எழுத்தும், இளையவருக்கு வால் சுழித்த ஒல்லி நெட்டை எழுத்தும் போட்டார். “ஒருத்தருக்கு எடை, ஒருத்தருக்கு ஒசரம். ரெண்டு பேரும் தான்தான் பெருசுன்னு நெனச்சுக்கிருவாக.”

அப்படியே நினைத்தார்கள். கறிச்சோற்றை மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

பிள்ளையின் அப்பாவான என் பெயரைப் பேனரில் தேடினேன். டிசைன் செய்தவரின் கடைப் பெயருக்குக் கீழே, எறும்பு அளவில் கிடந்தது. போனில் சத்தம் போட்டேன்.

அவர் நிதானமாகக் கேட்டார்: “நீங்க கோவிச்சுக்கிட்டு எங்கன போவீக?”