மேடான் தெரியாத வாவு முகம்மது

தொண்டியில் வாவு முகம்மதின் வலது கையை முறித்தவன் நான்தான். வேறு எவனும் சொந்தம் கொண்டாட வேண்டாம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சுமத்ராவில் மேடான் பட்டணத்தில் மூட்டை சுமந்து, ஊர் திரும்பி இரண்டு தோணி வாங்கினேன். நல்லதோ கெட்டதோ, என் கையால்தான் செய்வேன்.

வாவு முகம்மது வாலிநோக்கத்துக்காரர். உப்பளக் கூலியில் வயிறு நிறையாமல் பதினெட்டு வயதில் கப்பலேறினவர். 1950இல் எலும்பும் தோலுமாக நாகப்பட்டினத்தில் இறங்கினார். பெற்ற தாயைக்கூடப் பார்க்கப் போகாமல், நேரே தொண்டிக்கு வந்து என் தோணிக் கொட்டகையில் நின்றார்.

"மொதலாளி, ஒங்க மச்சான் ஹாஜா முகைதீன் மவுத்தாப் போயிட்டாக. பாலெம்பாங்குல நாந்தான் அடக்குனேன்."

ஹாஜா முகைதீன் என் தங்கை லத்தீபாவின் மாப்பிள்ளை. கடைசிக் கடிதம் 1941இல் மேடானிலிருந்து வந்தது; பாலெம்பாங்கு அதே சுமத்ராவில் தெற்கே எங்கோ, நான் பார்த்ததில்லை. ஒன்பது வருசமாக அவள் பெண்டாட்டியா விதவையா என்று தெரியாமல் தாலிக் கருகமணியோடு இருந்தாள். செய்தி நிசமென்றால் அவள் வழியை அவள் பார்க்கலாம். பொய்யென்றால்? முந்தின வருசம் பக்கத்து ஊரில் இப்படி ஒருத்தன் பேச்சை நம்பி ஒரு பெண்ணுக்கு மறு நிக்காஹ் முடித்தார்கள். ஆறாம் மாதம் பழைய மாப்பிள்ளை பெட்டியோடு வாசலில் நின்றான். வெட்டுக்குத்தில் இரண்டு உயிர் போனது.

அதனால், கடல் கடந்து வந்தவன் மவுத்துச் சேதி சொன்னால், செத்தவன் இருந்த பட்டணத்தின் அடையாளங்களைக் கேட்டுத்தான் நம்புவோம். மேடானை என்னைவிட அறிந்தவன் இந்தக் கரையில் கிடையாது.

"ஏலே, சுல்தான் அரமணையிலருந்து பெரிய பள்ளிவாசலுக்கு எம்புட்டுத் தூரம்?"

"தெரியாது மொதலாளி."

"டெலி ஆறு எந்தப் பக்கம் ஓடுது?"

"நான் மேடானப் பாத்ததே இல்ல."

அறைந்தேன். உதடு கிழிந்து ரத்தம் தாடியில் வழிந்தது. என் தோணியை ஓட்டும் தண்டல் பால்சாமி சிரித்தான். "மேடானப் பாக்காமத்தான் மேடான் மாப்பிள்ளைய அடக்குனியாக்கும்? தூண்டி போட்டு இழுத்தியோ?"

"சப்பான்காரன் அவுகளப் பிடிச்சுப் பாலெம்பாங்கு எண்ணெ ஆலைக்குக் கொண்டாந்துட்டான்" என்றார் வாவு முகம்மது. "அங்கன மூசி ஆறு. நடுவுல கப்பல் போகும். ஓரத்துல தெப்பத்து மேலயே வீடு கட்டிக் குடியிருப்பாக. ஊருல லட்சம் சனத்துக்கு மேல. நாப்பத்தேழு சனவரியில டச்சுக்காரன் அஞ்சு நாளு குண்டு போட்டான். பள்ளிவாசலச் சுத்திப் பொணமாக் கெடந்துச்சு. தெப்பம் எரிஞ்சு, சனம் ஆத்துல குதிச்சு, ஆத்துலயும் சுட்டான். ஒங்க மச்சானுக்கு வயித்துல இரும்பு பாஞ்சு ரெண்டு நாளு கெடந்தாக. நாந்தான் குளிப்பாட்டுனேன்."

நான் பார்க்காத பட்டணத்தை எவன் சொன்னாலும் எனக்கு அது பொய்தான். அப்போது அப்படி. வயிற்றில் உதைத்தேன். சுருண்டு விழுந்தார்.

"குளிப்பாட்டுனவன்னா சொல்லு. ஒடம்புல என்ன அடையாளம்?"

"அது சொல்லப்படாது மொதலாளி. மய்யித்தக் குளிப்பாட்டுனவன் கண்டத வெளிய சொல்றது ஹராம்."

"தெரியலன்னு சொல்லுலே!"

"தெரியும். சொல்ல மாட்டேன்."

துடுப்பை எடுத்தேன். முதல் அடி தோளில். இரண்டாம் அடியைத் தடுக்கக் கையைத் தூக்கினார். காய்ந்த சவுக்குக் கொம்பு ஒடிகிற சத்தம். மறுபடி கேட்டேன். மண்ணைக் கடித்துக்கொண்டு, மாட்டேன் என்று தலையை ஆட்டினார். மூன்றாவதுக்கு ஓங்கியபோது துப்பட்டி மண்ணில் புரள லத்தீபா ஓடி வந்து துடுப்பைப் பிடித்தாள்.

"விடுங்க காக்கா! பொய்க்காரன்னா இந்நேரம் ஒரு மச்சத்தச் சொல்லித் தப்பிச்சிருப்பான். கை ஒடிஞ்சும் சொல்லலயே. இவுக குளிப்பாட்டுனவுகதான்."

துடுப்பைக் கீழே போட்டேன். என்னைக் கீழே போடவைத்த ஆள் அன்றுவரை பிறக்கவில்லை.

"எல்லாரும் வெளிய போங்க. பொண்டாட்டிகிட்ட மறைக்க என்ன இருக்கு?" என்று லத்தீபா வாவு முகம்மது பக்கம் திரும்பினாள்.

போனோம். கொஞ்ச நேரத்தில் அவள் வெளியே வந்தபோது கழுத்தில் கருகமணி இல்லை. "என்ன சொன்னான்?" என்றேன்.

"அது என் மாப்பிள்ளை ஒடம்பு. ஒங்களுக்கு என்னத்துக்கு?"

வாவு முகம்மதை என் வீட்டிலேயே வைத்து எண்ணெய்க் கட்டுப் போட்டேன். கை கோணலாகக் கூடியது. தோணியில் வேலை தருகிறேன் என்றேன். எத்தனையோ பேர் அதற்காக என் காலில் விழுந்திருக்கிறார்கள். அவர் மாட்டேன் என்றுவிட்டார். ராமநாதபுரம் பஸ்ஸுக்கு ஒற்றைக் கையால் மீன்கூடை ஏற்றியே பிழைத்தார். வழியில் கண்டால் முதலில் ஸலாம் சொல்வது நான்தான்.

லத்தீபாவுக்காகப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டோம். மாப்பிள்ளை மவுத்தானால் பெண்டாட்டி நான்கு மாதம் பத்து நாள் வீட்டோடு துக்கம் இருக்கிற இத்தா, மவுத்தான அன்றிலிருந்தே கணக்கு, மூன்று வருசம் ஆகிவிட்டது, இனி இருக்க வேண்டியதில்லை, விரும்பினால் நாளைக்கே நிக்காஹ் முடிக்கலாம் என்றார். அதைப் போய்ச் சொன்னேன்.

"மார்க்கத்துல முடிஞ்சிருக்கும்" என்றாள். "நான் இன்னும் அழவே இல்லையே காக்கா."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நான்கு மாதம் பத்து நாள் திறக்கவில்லை.