வானொலியில் கதவு தட்டிய மைத்துனன்

மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த காலம். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு நடந்த சண்டை மட்டும் ஓயவில்லை. என் கணவர் தோட்டங்களுக்கு அரிசி ஏற்றிப் போகும் லோரி ஓட்டினார். அவர் திரும்பி வரும்வரை எனக்குத் தண்ணீர்கூட இறங்காது.

மலாக்காவின் காஜா பேராங்கில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னறையில் வீட்டுக்கார அம்மாளின் வானொலிப் பெட்டி இருந்தது. அவர் மலாக்கா செட்டிப் பெண்மணி; தமிழ் வம்சமானாலும் பேச்சு மலாய்தான், தமிழ் தெரியாது. ஆனாலும் சனிக்கிழமை மாலைத் தமிழ் நகைச்சுவை நாடகத்துக்கு அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு தானும் உட்கார்ந்துவிடுவார். வாராவாரம் ஒரே கதைதான். ஒரு குமாஸ்தா, அவன் மனைவி, சாப்பாட்டு நேரத்தில் புதுச் சாக்கோடு வந்து கதவைத் தட்டும் மைத்துனன். தட்டும் சத்தத்துக்கே எல்லோரும் சிரிப்பார்கள். பிறகு நான் மலாயில் விளக்குவேன். அந்த அம்மாள் தனியாக இன்னொரு முறை சிரிப்பார்.

அன்று நாடகம் தொடங்கியும் லோரி வரவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மைத்துனன் கதவைத் தட்டினான். தன் வீட்டுப் பூனை குட்டி போடப்போகிறது, புகை அதற்கு ஆகாது, அதனால் அடுப்பு மூட்டவில்லை என்றான். சிரிப்பு அடங்குமுன் மறுபடி தட்டும் சத்தம். பூனையும் சாப்பிட வந்துவிட்டது என்று யாரோ சொல்ல, சிரிப்பு இன்னும் கூடியது. அந்தத் தட்டல் பெட்டியிலிருந்து வரவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்கார அம்மாள் கதவைத் திறந்தார். மலாய்ப் போலீஸ்காரர் ஒருவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். லோரியைச் சுட்டுவிட்டார்களாம். அதில் போன இருவரில் ஒருவருக்குக் குண்டு பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். யாருக்கு என்று அவருக்குத் தெரியவில்லை. பெட்டியை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

அந்த அம்மாளும் நானும் மிதிரிக்ஷாவில் போனோம். முருகனைக் கூப்பிட வாயைத் திறந்தால் பூனையும் அடுப்பும்தான் மனத்தில் ஓடின. பைத்தியம் பிடித்துவிடுமோ என்று அதற்கும் பயந்தேன்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் என் கணவர் உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க ரத்தம். நான் அவர் நெஞ்சையும் வயிற்றையும் தடவிப் பார்த்தேன்.

"என் ரத்தம் இல்ல," என்றார். "அண்ணனுக்குத் தோள்ல பட்டுருச்சு."

அண்ணன் என்றது லோரியில் உதவிக்குப் போகிறவரை. எங்களைவிட மூத்தவர். கட்டோடு படுத்திருந்தவர், என்னைப் பார்த்ததும் மெல்லக் கேட்டார்:

"தங்கச்சி, இன்னிக்கி மச்சான்காரன் என்ன சாக்கு சொன்னான்?"

பூனைக் கதையைச் சொன்னேன். அவர் சிரித்தார், வலியில் முகம் கோணியது, மறுபடியும் சிரித்தார். தாதி வந்து எங்களை வெளியே அனுப்பினாள்.

அண்ணன் பிழைத்துக்கொண்டார். என் கணவர் அடுத்த வாரமே மறுபடி லோரி ஏறினார். போகவேண்டாம் என்று அழுதேன். வேறு யார் அரிசி கொண்டுபோவது என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் புறப்பட்டார். வாசல் தாண்டியவர் திரும்பி வந்து, மறந்துவிட்ட சாவியை எடுத்துக்கொண்டு போனார்.