சந்தனப் பொட்டு வைத்த கணினிகள்

பழைய மாணவர்கள் நீங்கள் நடத்தும் இரங்கல் கூட்டத்தில் எழுந்து பேச எனக்குத் துணிவு வரவில்லை. எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். வரிசை போட்டுக்கொள்ளாமல் எழுதினால் வழி தவறிவிடுவேன். ஆகவே, சொல்லப்போவது இவை:

1. மரியபுஷ்பம் மேடம் மறைந்த செய்தி.
2. நெட்வொர்க்கிங் பாடம் எங்கள் இருவரிடமும் வந்து சேர்ந்தது.
3. செய்முறைத் தேர்வு நாள்.
4. என் வேலைமுறையை அவர் வெறும் வேடிக்கையாகவே கருதினார் என்பது.

செய்தியைச் சொன்னவள் உங்களோடு படித்த செல்வி. "சார், நம்ம மேடம் போயிட்டாவ சார். ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுலதான். தூக்கத்துலயே..." என்றாள். "அடக்கம் எப்பம்மா?" என்று கேட்டேன். அவள் சொன்னது மனதில் ஏறவில்லை. திரும்பக் கேட்கக் கூச்சப்பட்டு, உடனே கிளம்பி, அடக்கத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் அந்த வீட்டு வாசலில் நின்றேன்.

தொண்ணூறுகளில் நம் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியல் தொடங்கினார்கள். பாடம் வந்தது, ஆசிரியர் வரவில்லை. இறுதியாண்டு நெட்வொர்க்கிங்கை நடத்த, கணிதத்துறையிலிருந்து என்னையும் இயற்பியலிலிருந்து மேடத்தையும் முதல்வர் பிடித்துப் போட்டார். நாங்கள் இருவருமே அதைப் படித்தவர்கள் அல்லர். ராஜபாளையத்திலிருந்து நானும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அவரும் முதல் மணிக்கு வெகு முன்பே பஸ் பிடித்து வந்து, ஆய்வகத்தில் உட்கார்ந்து, உங்களுக்கு ஓர் அத்தியாயம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தோம்.

நான் குறிப்புகளுக்கு எண் போடுவேன். உட்பிரிவுக்கும் போடுவேன். "சார் வீட்டுல இட்லியக்கூட நம்பர் போட்டுத்தான் வைப்பாவ போல" என்பார் மேடம். ஆசிரியர் அறையே சிரிக்கும். நானும் சிரிப்பேன், கொஞ்சம் வலிக்கும். அவர் கையில் குறிப்பே இருக்காது. விடை தெரியாத கேள்வி வந்தால், "ஏலே, எனக்கும் தெரியல. நாளைக்குப் படிச்சிட்டு வாரேன், நீயும் படிச்சிட்டு வா. யாரு முந்துதான்னு பாப்போம்" என்பார். அப்படிச் சொல்ல எனக்கு நா எழாது. தெரியாததைச் சுற்றிச் சுற்றிக் கரும்பலகையை நிரப்பிவிடுவேன்.

சரஸ்வதி பூஜை விடுமுறை முடிந்த மறுநாளே செய்முறைத் தேர்வு. மதுரையிலிருந்து புறத்தேர்வாளர் வந்துவிட்டார். கணினிகளுக்கு உயிர் வந்தது. ஆனால் ஒன்றோடொன்று பேசவில்லை. அந்தக் காலத்து இணைப்பு உங்களுக்கு நினைவிருக்கும். ஒரே கேபிள் சுவரோரமாக ஓடி, ஒவ்வொரு கணினியின் முதுகையும் தொட்டுக்கொண்டு போகும். முனை திறந்து கிடந்தால் வேலை செய்யாது என்பதால் இரு முனையிலும் ஒரு மூடி. இடையில் ஓரிடம் விட்டுப்போனாலும் மொத்தமும் படுத்துவிடும்.

தேர்வாளர் பையை எடுத்துவிட்டார். "வசதி இல்லைன்னு எழுதிட்டு நான் கிளம்புறேன் சார். பிள்ளைங்க அடுத்த வருஷம் எழுதட்டும்."

சேத்தூரிலிருந்து வந்து படித்த செல்வி என் அருகே வந்தாள். "அடுத்த வருசம்னா எங்க வீட்டுல விடமாட்டாவ சார். மாப்பிள்ளை வீட்டுல அவசரப்படுதாவ. டிகிரி முடியட்டும்னுதான் எங்கய்யா நிறுத்தி வச்சிருக்காரு."

"முதல் கணினியிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்" என்றேன்.

"நீங்க மூணாவதுக்கு வாரதுக்குள்ள அவரு மதுரைக்கே போய்ச் சேந்திருவாரு" என்ற மேடம், கேபிளை நடுவில் கழற்றினார். கழற்றிய இரு முனைகளிலும் உபரி மூடிகளை மாட்டினால் ஒரு பாதியாவது வேலை செய்யும், பழுது மறுபாதியில் இருக்கும் என்பது அவர் கணக்கு. நல்ல கணக்குதான். ஆனால் இரண்டு பாதியுமே பேசவில்லை.

மேடம் தரையில் உட்கார்ந்தபடியே செத்த நேரம் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு தேர்வாளரிடம் போனார். "சார் கண்டுபிடிச்சிருவாரு. வாங்க, நாம ஒரு டீ குடிச்சிட்டு வருவோம்." கையோடு அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

முதல் இரண்டு கணினிகளை மட்டும் இணைத்தேன். பேசின. மூன்றாவதைச் சேர்த்தேன். பேசின. அடுத்ததைச் சேர்த்ததும் எல்லாம் நின்றன. அதன் இணைப்பைக் கழற்றினால், உள்ளே காய்ந்துபோன சந்தனம்.

"யார் வேலையம்மா இது?"

"பூஜைக்குத் தொடைக்கக் கழத்துனோம் சார்" என்றாள் செல்வி. "மேடந்தான், 'முன்னாடி பின்னாடி ஒண்ணுவிடாம பொட்டு வைங்கட்டி, எந்தச் சாமி எதுல குடியிருக்கோ'ன்னாவ."

ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகும் மேடம்! செல்வி தலையிலிருந்து ஹேர்பின்னை எடுத்துச் சுரண்டினாள். நான் அடுத்ததற்கு நகர்ந்தேன். மறுபாதியில் இன்னோர் இணைப்பிலும் அதே சந்தனம். தேர்வாளர் திரும்பி வந்தபோது கடைசிக் கணினியும் பேசிக்கொண்டிருந்தது. தேர்வு நடந்தது. செல்வி பட்டம் வாங்கிய பிறகுதான் கழுத்தை நீட்டினாள்.

விஷயத்தைக் கேட்ட மேடம் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "எங்க சாமியும் உங்க சாமியும் கூட்டுச் சேந்துல்லா நம்மளக் கவுத்திருக்காவ!"

இனி நான்காவது குறிப்பு. அதற்குச் சான்றாக, "சார் கண்டுபிடிச்சிருவாரு" என்ற வார்த்தையைத்தான் எழுத எண்ணியிருந்தேன். தேர்வாளரை நிறுத்திவைக்கச் சொன்ன சாக்கு என்றே இத்தனை காலமும் எடுத்துக்கொண்டிருந்தேன். எழுதி வரும்போது இடறுகிறது. ஒரு வகுப்புப் பிள்ளைகளின் ஒரு வருஷம் அந்த அறையில் கிடந்தது. என்மேல் சந்தேகம் இருந்திருந்தால் தேர்வாளரை வேறு யாருடனாவது அனுப்பிவிட்டு, மேடம் என் பக்கத்திலேயே நின்றிருப்பார். அவரோ வாசலில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான்காவது குறிப்பு தவறு. அவருடைய கேலிதான் என்னிடம் மிஞ்சியிருக்கிறது என்று எண்ணியே எழுத உட்கார்ந்தேன். அந்த அறையை என்னை நம்பி விட்டுவிட்டு அவர் டீ குடிக்கப் போனார். அதை நான் வைத்துக்கொள்கிறேன்.